பொது அறிவுப் போட்டிக்குப் பிள்ளைகளை மலையிலிருந்தே பழக்குவது எப்படி?

பொது அறிவுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து "பத்துப் பக்கம் மனப்பாடம் செய்" என்று பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். கோத்தகிரியில் சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளை வினாடி வினாவுக்குப் பழக்குகிறேன். அவர்கள் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய ஓர் இடத்தில் தொடங்கி, அங்கே வாழ்ந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு வெளியுலகம் போவதுதான் என் வழி.

எங்களுக்குத் தொடக்கம் கன்னேரிமுக்கு. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து வீடு கட்டிய ஊர். இன்று அது நினைவகம். அங்கே முதலில் ஆண்டைக் கேட்க மாட்டேன். "கோவை கலெக்டருக்கு இந்த மலைமேல் என்ன வேலை?" என்றுதான் கேட்பேன். பதில் தேடினால் 1799க்குப் போக வேண்டியிருக்கும்: திப்பு சுல்தான் வீழ்ந்ததும் கோவையும் நீலகிரியும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு மாறிய ஆண்டு. அடுத்த முறை ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்குக் கூட்டிப் போங்கள். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த மரத்தில்தான் அதன் உத்தரங்கள் செய்யப்பட்டன. அதை நிமிர்ந்து பார்த்த பிள்ளைக்கு 1799ஐ இன்னொரு தடவை சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு பக்கம்: இடப்பக்கம் அவர் நம் மலையில் செய்தது, வலப்பக்கம் வெளியே செய்தது. வலப்பக்கத்தில்தான் சுவையே இருக்கிறது. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901-02இல் இங்கே நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களிடையே தங்கி ஆராய்ந்தார். 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அவரேதான் முதல் உலகப் போரில் மனம் கலங்கிய வீரர்களுக்கு ஸ்காட்லாந்தில் சிகிச்சை அளித்த மருத்துவர். கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் அவரிடம் சிகிச்சை பெற்றவர். தோடர் குடியிருப்பான மந்திலிருந்து ஆங்கிலப் போர்க்கவிதைக்கு ஒரே மனிதர் வழியாகப் போய்விடலாம்!

ரொனால்ட் ராஸுக்கு மட்டும் நான் முழு வகுப்பையும் ஒதுக்குவேன். 1857இல் அல்மோராவில் பிறந்தவர். 1897இல் ஊட்டிக்கு வந்தவர், சீகூர் மலைச்சரிவுக்கு இறங்கிப் போனபோது அவருக்கே மலேரியா வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20இல், செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு. ஊட்டியில் இருந்தவர் மலேரியாவைத் தேடி ஏன் கீழே இறங்கினார் என்று கேளுங்கள். குளிரில் ஸ்வெட்டர் போட்டு வளர்ந்த பிள்ளைகள் தாங்களே பதில் சொல்வார்கள். அப்புறம் நடுவட்டம் சின்கோனாத் தோட்டத்தைச் சொல்லுங்கள். அந்த மரப்பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான குயினைன் எடுத்தார்கள். மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்க ஆண்டிஸ் மலை. நோய், மருந்து, பூகோளம் மூன்றும் ஒரே மதியத்தில் வந்து சேரும்.

ஆண்டுகளை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள். ஸ்னூக்கர் ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் பிறந்தது. அதன் விதிகள் 1882இல் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன. அதை உருவாக்கிய ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின். பிரிட்டிஷ் பிரதமர் பெயரும் நெவில் சேம்பர்லின்! இருவரும் ஒருவரா? பிரதமர் பிறந்தது 1869. ஆறு வயதுப் பையன் ராணுவத்தில் இருந்திருக்க முடியாது. ஆண்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

வெள்ளைக்காரர் பெயர்களோடு நோட்டு முடிந்துவிடக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரி. கருங்கோல் குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் எடுக்கும் மலைநாட்டைப் பாடிய குறுந்தொகைப் பாட்டையும், 99 பூக்களை அடுக்கிய கபிலரின் குறிஞ்சிப்பாட்டையும் இங்கே வளரும் பிள்ளை தெரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் தெரிந்துகொள்வது? புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையலுக்கு ஒரு பக்கம், வெலிங்டனில் 2008இல் மறைந்து ஊட்டியில் அடக்கமான ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவுக்கு ஒரு பக்கம். ரயில் எளிது: குன்னூருக்கு 1899, ஊட்டிக்கு 1908, யுனெஸ்கோ பட்டியலில் 2005.

சரி, கடைசி வேலை. கேள்வியைப் பிள்ளைகளே எழுதட்டும். "மலேரியாவைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். "மலேரியா எப்படிப் பரவுகிறது என்று தேடும்போது தானே அந்தக் காய்ச்சலில் விழுந்தவர் யார்?" என்று துப்பு உள்ளே வருமாறு திருத்தி எழுதட்டும். ஒரு வாரம் கழித்து நோட்டை மூடி வைத்துக் கேளுங்கள். ஆண்டு மறந்திருந்தால் உடனே சொல்லாமல், "சல்லிவனுக்கு முன்பா, பின்பா?" என்று கேட்டுக் காத்திருங்கள்.