லேப்டாப்பிலிருந்து பிரின்ட் வரவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

வீட்டு பிரின்டர் மக்கர் செய்ததும் பலரும் முதலில் செய்வது, லேப்டாப்பிலிருந்து அதை அழித்துவிட்டு மறுபடி சேர்ப்பதுதான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வைஃபையில் இருந்தால், அழித்த பிரின்டர் திரும்பச் சேராமலே போகலாம். ஒரு தொல்லை இருந்த இடத்தில் இரண்டாகிவிடும்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் நம் வீடுகளில் பிரின்டருக்கு வேலை அதிகம். தமிழ் வகுப்புக்குப் பயிற்சித் தாள், காவடிக்கு அறிவிப்பு, கூழ் ஊற்றும் நாளுக்கு நிகழ்ச்சி நிரல், பிள்ளைகளின் ஸ்கூல் புராஜெக்ட் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் அதிகம் பழகாத ஆயாவும் தாத்தாவும்கூடச் செய்து பார்க்கட்டும் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு பக்கம் தாளில் விழுவதற்கு மூன்று இடங்களைத் தாண்டி வர வேண்டும்: லேப்டாப்புக்குள் இருக்கும் பிரின்ட் வரிசை, நடுவில் உள்ள கேபிள் அல்லது வைஃபை, அப்புறம் பிரின்டர். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாம் பின்னாலிருந்து, அதாவது பிரின்டரிலிருந்து, தொடங்குவோம். அங்கே பார்ப்பதுதான் சுலபம்.

படி 1: பிரின்டரைத் தனியாகச் சோதியுங்கள்

லேப்டாப்பை மூடி வையுங்கள். பிரின்டரில் ஸ்கேனர் கண்ணாடி இருந்தால் எழுத்துள்ள ஒரு தாளை அதில் வைத்து காப்பி பட்டனை அழுத்துங்கள். ஸ்கேனர் இல்லாத பிரின்டர் என்றால், அதன் மெனுவிலோ ஏதாவது ஒரு பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தோ தகவல் பக்கம் ஒன்றை எடுக்கலாம். எந்த பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கூடவே வந்த சிறு புத்தகத்தில் இருக்கும்.

காப்பி நன்றாக வந்தால் பிரின்டரில் பழுதில்லை. நேராகப் படி 2க்குப் போங்கள். வரவில்லை என்றால் லேப்டாப்பில் எதையும் தொடாதீர்கள். தாளையும் மையையும் பாருங்கள்.

தாள் விஷயத்தில் டர்பனுக்கு என்று ஒரு தொந்தரவு உண்டு. கடற்கரை ஊர், டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றில் ஈரம் கனத்துக் கிடக்கும். தட்டில் வாரக்கணக்கில் கிடக்கும் தாள் ஈரத்தை உறிஞ்சி ஓரம் சுருளும். ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு மூன்றாக உள்ளே இழுபடும். நம் மெரிபேங்கில் இருக்கும் மோண்டி ஆலைத் தாளானாலும் சரி, இறக்குமதித் தாளானாலும் சரி, கட்டைப் பிரித்த பிறகு எல்லாத் தாளுக்கும் இதே கதிதான். வேண்டிய அளவு மட்டும் தட்டில் போடுங்கள். மீதியை அதன் உறையிலேயே மடித்து, அலமாரியில் படுக்க வையுங்கள். போடுவதற்கு முன் கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் சீட்டுக்கட்டு போல விசிறிவிடுங்கள். சிக்கிய தாளை எடுக்கும்போது பிரின்டரை அணைத்துவிட்டு, தாள் போகும் திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். கிழிந்தால், துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து முழுத் தாளும் வெளியே வந்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். உள்ளே தங்கிய நகம் அளவுத் துண்டு போதும், அடுத்த தாளும் அங்கேயே சிக்கும்.

இங்க்ஜெட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: பிரின்டரை எப்போதும் அதன் சொந்த பட்டனிலேயே அணையுங்கள். பட்டனை அழுத்தினால்தான் மை தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். சுவர் சுவிட்சை அணைத்தால் தலை நடுவழியில் திறந்தே நிற்கக்கூடும், மை காய்ந்துவிடும். பிரின்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் இதேதான் நடக்கும். ஆகவே கரண்ட் வந்ததும் ஒருமுறை போட்டு, பட்டனில் அணைத்துவிடுங்கள்.

எழுத்தில் கோடு கோடாக வெள்ளை விழுந்தால் பராமரிப்பு மெனுவில் ‘நாசில் செக்’ (மைத் துளைகளைச் சோதிக்கும் பக்கம்) எடுங்கள். கட்டம் உடைந்திருந்தால் ‘ஹெட் கிளீனிங்’ கொடுங்கள். இரண்டு தடவைக்கு மேல் அடுத்தடுத்துக் கொடுக்காதீர்கள். சுத்தம் செய்வதற்கே நிறைய மை செலவாகும். சில மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள், ஊறித் தானே திறந்துகொள்வதும் உண்டு. வாரம் ஒரு வண்ணப் பக்கம் எடுப்பது நல்ல பழக்கம்.

படி 2: நடுவழியைப் பாருங்கள்

யுஎஸ்பி கேபிள் என்றால் சுருக்கமாக முடியும். ஹப் எதையும் நடுவில் வைக்காமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். வேறு துளையில் செருகிப் பாருங்கள். வேறு கேபிள் இருந்தால் அதையும் பாருங்கள். அவ்வளவுதான்.

வைஃபைதான் நம் ஊரில் அதிகம் படுத்துவது. காரணம் மின்வெட்டு. 2007 இறுதியில் தொடங்கி 2023இல் உச்சத்துக்குப் போன லோட்ஷெடிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) இப்போது எவ்வளவோ குறைந்துவிட்டது. ஆனாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது என்று கரண்ட் போவது நின்றபாடில்லை. கரண்ட் திரும்பியதும் ரவுட்டரும் பிரின்டரும் ஒரே நேரத்தில் உயிர் பெறுகின்றன. ரவுட்டர் முழுதாக எழுவதற்கு முன்பே பிரின்டர் வைஃபையைத் தேடுகிறது. கிடைக்காவிட்டால் சில மாடல்கள் தேடுவதையே விட்டுவிடும். ரவுட்டருக்கு மட்டும் சிறு யுபிஎஸ் வைத்திருக்கும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு.

அதனால் மின்வெட்டுக்குப் பிறகு பிரின்டர் காணாமல் போனால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இந்த வரிசையில் போடுங்கள்: முதலில் ரவுட்டர், விளக்குகள் நிலையாக எரியும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அடுத்து பிரின்டர். கடைசியில் லேப்டாப். பல வீடுகளில் இதோடு சரியாகிவிடும்.

சரியாகவில்லையா? பிரின்டரின் திரையிலோ படி 1இல் சொன்ன தகவல் பக்கத்திலோ இரண்டு விவரங்களைத் தேடுங்கள். ஒன்று, அது சேர்ந்திருக்கும் வைஃபையின் பெயர். இன்னொன்று, ஐபி முகவரி, அதாவது வீட்டு வைஃபையில் பிரின்டருக்கு உள்ள எண். முகவரி 192.168.1.23 என்பது போல நான்கு எண்களாக இருக்கும்.

வைஃபை பெயர் லேப்டாப்பில் இருப்பதும் அதுவும் ஒன்றுதானா பாருங்கள். விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைத்திருந்தால், அதில் இருக்கும் லேப்டாப் பிரின்டரைப் பார்க்க முடியாது. அப்படித்தான் அதை அமைத்திருப்பார்கள். வீட்டு பிரின்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும். புதிய ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்திருந்தால் பிரின்டருக்கு அது கண்ணிலேயே படாது.

ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் பிரின்டருக்கு முகவரி தரவில்லை என்று அர்த்தம். பிரின்டரின் மெனுவில் வைஃபையை மறுபடி தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு கொடுத்துச் சேருங்கள்.

முகவரி ஒழுங்காக இருந்தால் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து, இணையதளப் பெயர் அடிக்கும் இடத்தில் அந்த எண்ணை அப்படியே அடித்து என்டர் தட்டுங்கள். பெரும்பாலான வைஃபை பிரின்டர்களுக்குள் ஒரு சின்ன இணையப் பக்கம் உண்டு. மை அளவு, மாடல் பெயரெல்லாம் காட்டும் அந்தப் பக்கம் திறந்துவிட்டால் லேப்டாப்புக்கும் பிரின்டருக்கும் நடுவே வழி சுத்தமாக இருக்கிறது. மிச்சக் கோளாறு லேப்டாப்புக்குள்தான். திறக்கவில்லை என்றால் வழியில் ஏதோ மறிக்கிறது. ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு அடிக்கடி நேர்வது இது. விண்டோஸில் வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது, மின்வெட்டோடு ஒட்டியது. பக்கம் திறக்கிறது, ஆனால் லேப்டாப் பிரின்டரை ‘ஆஃப்லைன்’ என்கிறது. ரவுட்டர் மறுபடி எழும்போது பிரின்டருக்கு வேறு எண் கொடுத்திருக்கும். நேற்று கடைசி எண் 23, இன்று 31. லேப்டாப் பழைய 23இன் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். இதற்கு நிரந்தரத் தீர்வு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில் பிரின்டருக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவிடுவது. ரவுட்டருக்குள் போகப் பழக்கமில்லை என்றால் வீட்டில் யாராவது இளையவரைக் கூப்பிடுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

கரண்ட் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். லேசர் பிரின்டரைச் சிறு யுபிஎஸ்ஸிலோ சிறு இன்வெர்ட்டரிலோ மாட்டாதீர்கள். அதன் உள்ளே இருக்கும் சூடேற்றி பல நூறு வாட் இழுக்கும், யுபிஎஸ் தாங்காது. இடி மின்னல் மாலைகளில் பிளக்கைப் பிடுங்கி வைப்பதே நல்லது.

வைஃபை எத்தனை ஒழுங்காக ஓடினாலும் ஒரு யுஎஸ்பி கேபிளை வாங்கி மேசை இழுப்பறையில் வையுங்கள். 1903இல் டர்பனில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்த பத்திரிகை. 1904இல் அச்சகத்தை டர்பனுக்கு வெளியே இருந்த ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றியபோது முதல் இரவே எண்ணெய் இன்ஜின் ஓடவில்லை. கையால் சுற்றும் சக்கரம் ஒன்றை முன்யோசனையாக வைத்திருந்தார்கள். காந்தியும் கூட இருந்தவர்களும், அங்கே தங்கியிருந்த தச்சர்களும் முறைபோட்டு ராத்திரி முழுக்கச் சுற்றினார்கள். இதழ் நின்றுபோகவில்லை. நாளைக் காலை காவடிக்கு நூறு பிரதி வேண்டும் என்கிற இரவில் வைஃபை சதி செய்தால், அந்த கேபிள்தான் உங்களுக்குக் கைச்சக்கரம்.

படி 3: லேப்டாப்புக்குள் இருக்கும் வரிசை

விண்டோஸ் 11இல் ‘செட்டிங்ஸ்’, ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’, ‘பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ என்று போங்கள். விண்டோஸ் 10இல் நடுவில் ‘டிவைசஸ்’ என்று மட்டும் இருக்கும். முதலில், ஒரே பிரின்டர் இரண்டு பெயரில் இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது பெயரின் முடிவில் ‘காப்பி 1’ என்று இருக்கும். நீங்கள் அனுப்புவது பழைய பெயருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அதே பக்கத்தில் ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரின்டர்’ என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிட்டு உங்கள் பிரின்டரை நீங்களே முதன்மையாக வையுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக எந்த பிரின்டரில் எடுத்தீர்களோ விண்டோஸ் அதையே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து உங்கள் பிரின்டரைச் சொடுக்கி பிரின்ட் வரிசையைத் திறங்கள். முன்னால் ஒன்று அடைத்து நின்றால் பின்னால் வருவது எதுவும் நகராது. அதை ‘கேன்சல்’ செய்யுங்கள். ‘டெலீட்டிங்’ என்று காட்டிக்கொண்டே நகராமல் நின்றால் இப்படிச் செய்யுங்கள். தேடும் பெட்டியில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறங்கள். பட்டியலில் ‘பிரின்ட் ஸ்பூலர்’ (பிரின்ட் வரிசையை நடத்துவது இதுதான்) என்பதை வலது சொடுக்கி ‘ஸ்டாப்’ கொடுங்கள். சி டிரைவில் ‘விண்டோஸ்’ ஃபோல்டர், அதற்குள் ‘சிஸ்டம்32’, அதற்குள் ‘ஸ்பூல்’, அதற்குள் ‘பிரின்டர்ஸ்’. அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல்களை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை விட்டுவிடுங்கள். திரும்பிப் போய் ஸ்பூலருக்கு ‘ஸ்டார்ட்’ கொடுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் இதற்கு அனுமதி இருக்காது. அங்கே உள்ள கணினிப் பிரிவிடம் கேளுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. ‘பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ பக்கத்தில் பிரின்டர் பெயர் மேல் கன்ட்ரோல் அழுத்திச் சொடுக்கினால் ‘ரீசெட் பிரின்டிங் சிஸ்டம்’ என்று வரும். அது எல்லா பிரின்டரையும் அழித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு வரவில்லை என்றால்தான் பிரின்டரை அழித்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். விண்டோஸ் தானாகக் கண்டுபிடிக்காவிட்டால் ‘ஆட் மேனுவலி’ கொடுத்து, ஐபி முகவரியால் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, படி 2இல் பார்த்த எண்ணைக் கொடுங்கள்.

படி 4: பிரின்ட் வருகிறது, தமிழ் வரவில்லை

கட்டம் கட்டமாகவோ பொருளற்ற ஆங்கில எழுத்தாகவோ வந்தால் பிரின்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோயில் அறிவிப்புகளில் பல, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் திறந்தால் எழுத்து சிதறும். யார் அடித்தார்களோ அவர்களிடமே பிடிஎஃப்பாக மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். புதிதாக அடிப்பதை யூனிகோடில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறை), நிர்மலா அல்லது லதா எழுத்துருவில் அடியுங்கள்.

திரையில் சரியாகத் தெரிந்து தாளில் மட்டும் கெட்டால், அடோபி ரீடரின் பிரின்ட் பெட்டியில் ‘அட்வான்ஸ்டு’ போய் ‘பிரின்ட் ஆஸ் இமேஜ்’ போடுங்கள். பக்கம் படமாகப் போவதால் கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் கொம்பும் புள்ளியும் இடம் மாறாது.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பிய ஃபைலில் பிரின்டர் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கிறதா? அவர்கள் தாள் லெட்டர் அளவு, 216க்கு 279 மில்லிமீட்டர். நம்முடையது ஏ4, 210க்கு 297. பிரின்டர் தன்னிடம் இல்லாத தாளுக்காகக் காத்திருக்கிறது. பிரின்ட் பெட்டியில் தாள் அளவை ஏ4 என்று மாற்றி, ‘ஃபிட்’ தேர்ந்தெடுத்து, முதலில் ஒரே ஒரு பக்கம் எடுத்துப் பாருங்கள்.