ஆய்வுக்கூடக் கட்டடம் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இளம் கட்டடக் கலைஞர் ஒருவர் ஒரு பிளானோடு வந்தார். பல்கலைக்கழக வேதியியல் ஆய்வுக்கூடம், மூன்று மாடி, தளத்துக்குத் தளம் 11 அடி. "டக்ட் எங்கே தம்பி போகுது?" என்று கேட்டேன். டக்ட் என்றால் காற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாய். "அதை ஏசிக்காரங்க வந்ததும் பார்த்துக்கலாம் சார்" என்றார். இருபது வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே பதில். அன்று என்னைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிளக் பாயிண்ட் பற்றாது, சிங்க் பற்றாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வகுப்பறை உயரத்தில் ஆய்வுக்கூடம்

வகுப்பறைக்கு 11 அடி தாராளம். வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் போதவே போதாது. காரணம் ஃபியூம் ஹூட். ஏற்றி இறக்கும் கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி மாதிரி இருக்கும். உள்ளே கிளம்பும் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும். அதன் வாயில் காற்று நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வேகத்தில் போக வேண்டும். வாய் 5 அடி அகலம், கண்ணாடி ஒன்றரை அடி திறந்திருக்கிறது என்றால், ஒரு ஹூட் நிமிடத்துக்கு 750 கன அடி காற்றை இழுக்கும். 30-க்கு 24, பத்தடி உயர அறையில் இருப்பது 7,200 கன அடி. நாலு ஹூட் ஓடினால் இரண்டரை நிமிடத்துக்குள் ஓர் அறைக் காற்று வெளியே போய்விடும். அந்தக் காற்றைத் திரும்பச் சுற்றவிடவும் முடியாது. போன அளவுக்குப் புதுக்காற்றைக் குளிரவைத்து உள்ளே கொண்டுவர வேண்டும். டக்ட் அவ்வளவு பெரிதாக இருப்பது இதனால்தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். 11 அடியில் பீமுக்கு 2 அடி போச்சு. அதற்கு அடியில் டக்ட் ஒன்றரை அடி. மிச்சம் ஏழரை. ஹூட்டின் உயரமே சுமார் 8 அடி.

இருபது வருடத்துக்கு முன்னால் நான் வரைந்த ஆய்வுக்கூடத்தில் எனக்கு இது உறைத்தபோது மேல்தளக் கான்கிரீட்டும் போட்டாகிவிட்டது. வேறு வழியில்லாமல் டக்ட்டைச் சன்னல் வழியாக வெளியே எடுத்துச் சுவரோடு ஏற்றினோம். ஒவ்வொரு வளைவிலும் இழுப்பு குறைந்தது. பெரிய மோட்டார் வைத்தோம். சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. பணம் தீர்ந்துபோனதால் குழாய் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோடு நின்றது. காற்று திரும்பினால் நெடி மேல்தளச் சன்னலுக்குள் வந்தது. ஆறு மாதம் கழித்துப் போனேன். ஓர் ஆய்வு மாணவி ஹூட்டை நிறுத்திவிட்டு, சன்னலைத் திறந்துவைத்து, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அமில பாட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஹூட்டுக்குள் காலி பாட்டில்கள் அடுக்கியிருந்தன. "சத்தம் தாங்கல சார்" என்றார். 14 அடி வைக்க வேண்டிய தளத்தில் நான் மிச்சம் பிடித்த மூன்று அடிக்காக அந்தப் பிள்ளை அந்த நெடியைச் சுவாசிக்க வேண்டியிருந்தது. இன்று நினைத்தாலும் என்மேலேயே கோபம் வருகிறது.

இதற்கு வழி எப்போதோ கண்டாகிவிட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் கட்டிய ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் படிக்கட்டுகளும் காற்றுக் குழாய்களும் தனிச் செங்கல் கோபுரங்களாக வெளியே நிற்கின்றன. போலியோ தடுப்பூசி கண்ட ஜோனஸ் சால்க் அதைப் போய்ப் பார்த்தவர். அவருக்காகக் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் 1965-இல் முடித்த ஆய்வு நிலையத்தில் கான் இன்னும் மேலே போனார்: ஒவ்வோர் ஆய்வுத் தளத்துக்கும் மேலே, குழாய்களுக்கென்றே சுமார் 9 அடி உயரத்தில் ஒரு முழுத் தளம். ஆள் நிமிர்ந்து நின்று ரிப்பேர் பார்க்கலாம். கீழே வேலை நிற்காது. நம் பட்ஜெட்டில் அது நடக்காது, சரி. ஆனால் 14 அடித் தளம் நடக்கும். ஸ்லாப் போடும்போதே மொட்டைமாடி வரை டக்ட் ஏற விட்டுவைக்கும் ஷாஃப்ட், அதாவது செங்குத்தான வழி, நடக்கும். டக்ட் எங்கே போகிறது என்று முடிவாகாமல் பீமின் ஆழத்தை முடிவுசெய்ய விடாதீர்கள்.

மேற்கே முழுக் கண்ணாடி

ரிச்சர்ட்ஸ் கட்டடத்திலேயே வெயில் கூச்சம் தாங்காமல் விஞ்ஞானிகள் சன்னலில் அலுமினியத் தாள் ஒட்டினார்கள். அந்தக் கட்டடம் இருக்கும் பிலடெல்ஃபியாவின் வெயிலுக்கே அந்த நிலை. நம் வெயிலுக்குக் கேட்க வேண்டுமா?

கதவோரத்தில் ஹூட்

வேண்டாம். ஆள் வேகமாகக் கடந்தாலே காற்று கலைந்து ஆவி அறைக்குள் திரும்பும்.

மாடியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்

தரைத்தளம்தான். லிஃப்டையும் ஜெனரேட்டரையும் விட்டுத் தள்ளி வையுங்கள். அந்த அதிர்வே படத்தைக் கலைத்துவிடும்.

மூன்றடிக் கதவு

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வரும் நாளில் கதவு நிலையைப் பெயர்ப்பார்கள். ஒரு பெரிய கதவும் ஒரு சின்னக் கதவும் சேர்ந்த ஒன்றரைக் கதவு வையுங்கள், நாலரை அடி.