குன்னூரில் இருந்துகொண்டே ஜாஸ் பேஸ் வாசிக்க

"அண்ணே, டபுள் பேஸை நம்பி இந்த ஊரில் இருக்க முடியுமா?" என்று குன்னூர் பெட்ஃபோர்டு பக்கத்துத் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். முடியும். இருபது வருடமாக நான் அப்படித்தான் இருக்கிறேன். நின்று சொல்ல நேரமில்லாததால் இப்போது எழுதுகிறேன்.

முதலில் வாத்தியம். டபுள் பேஸ் என்பது பெரிய வயலின் மாதிரி இருக்கும், நிறுத்தி வைத்து வாசிக்கும் நான்கு கம்பி வாத்தியம். கடையில் முக்கால் அளவு என்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துவிடாதீர்கள், பெரியவர்கள் வாசிக்கும் வழக்கமான அளவே அதுதான். கிட்டத்தட்ட ஆறடி உயரம் நிற்கும். நம் மலைக்குப் பிளைவுட் உடம்புள்ளதை வாங்குங்கள். நான் ஆசைப்பட்டு முழு மரத்தில் செதுக்கிய பழைய பேஸ் ஒன்றை வாங்கினேன். ஐப்பசி மழையில் மரம் ஈரத்தைக் குடித்தது. தை மாதம் காய்ந்த குளிரில், கணப்பு எரியும் அறையில் அதை நிறுத்தி வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால் முன்பலகையில் முழ நீளத்துக்கு விரிசல். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கம்பி மாற்றும்போது நான்கையும் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது. உள்ளே முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் சவுண்ட்போஸ்ட் என்ற மரக்குச்சி நிற்கிறது. அதற்குப் பசை கிடையாது, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு முறுக்கிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

அப்புறம் சாதகம். பேஸ்காரரை மறுபடி கூப்பிட வைப்பது விரல் வேகம் இல்லை, காலப்பிரமாணம். தாளத்துக்கு டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60-ல் வையுங்கள். விழுகிற டிக்கை ஒன்று என்று எண்ணாமல், நான்கடிச் சுற்றில் இரண்டு, நான்கு என்று எண்ணுங்கள். ஒன்றையும் மூன்றையும் நீங்களே மனசுக்குள் போட வேண்டும். பாட்டு 120-ல் ஓடும். ஐந்து நிமிஷத்தில் எண்ணிக்கை புரண்டுவிடும், டிக் ஒன்றில் விழுவதுபோல் கேட்க ஆரம்பிக்கும். நிறுத்திவிட்டு, "ஒன்று, டிக், மூன்று, டிக்" என்று வாயால் சொல்லிக்கொண்டே திரும்பத் தொடங்குங்கள். அது கைக்குள் வந்ததும் மெட்ரோனோமை 30-க்கு இறக்கி, நான்காவது அடியில் மட்டும் டிக் விழும்படி வாசியுங்கள். எனக்கு இது பிடிபட ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. ஜனவரி காலையில் உட்காருவதாக இருந்தால் வெந்நீரில் கையை வைத்து எடுத்துவிட்டுத் தொடுங்கள். விறைத்த விரலால் இழுத்தால் கொப்புளம் நிச்சயம்.

அடிக்கு ஒரு ஸ்வரமாக நடந்துபோகும் வாக்கிங் பேஸுக்கு ஒரு எளிய வழி: முதல் அடியில் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின்) மூல ஸ்வரம், நடு இரண்டில் அதே கார்டின் மற்ற ஸ்வரங்கள், நான்காவதில் அடுத்த மூலத்துக்கு அரை ஸ்வரம் மேலோ கீழோ. எஃப் ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட புளூஸ் பாட்டில் எஃப், ஏ, சி, பி என்று நடந்தால் அடுத்த பாரின் (நான்கடிச் சுற்றின்) பி ஃபிளாட்டில் கால் தானாக இறங்கும். வாசிப்பதற்கு முன் பாடிப் பாருங்கள். வாயில் வராதது கையிலும் வராது.

கேட்க வேண்டியவர்கள் நிறைய. அமெரிக்க பேஸ்காரர் ஜிம்மி பிளாண்டன் 1939-ல் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் சேர்ந்து, 1942-ல் 23 வயதில் காசநோயில் இறந்தார். அந்தக் கொஞ்ச காலத்தில் பேஸை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இன்னொரு பேஸ்காரர் ரான் கார்ட்டர் 2,221 ஒலிப்பதிவுகளில் வாசித்ததாக 2015-ல் கின்னஸ் பதிந்தது. அவ்வளவு பேர் ஏன் கூப்பிட்டார்கள் என்பது அவர் வாசிப்பை நான்கு பார் கேட்டாலே தெரியும்.

வருமானம் ஜாஸில் மட்டும் வராது. ஏப்ரல், மே சீசனில் ஹோட்டல்கள், டிசம்பரில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள், நடுவில் கல்யாண வரவேற்புகள். எலெக்ட்ரிக் பேஸும் ஒன்று கையில் இருக்கட்டும். நோட்டேஷன் பார்த்த உடனே வாசிக்கப் பழகுங்கள். தேதி கொடுக்கும் முன் அட்வான்ஸ் வாங்கிவிடுங்கள். எனக்கு ஒரு சீசன் சம்பளம் இன்னும் வந்து சேரவில்லை.

சென்னைக்கோ பெங்களூருக்கோ போவதென்றால் வேன்தான். கொண்டை ஊசி வளைவில் ஆடாதபடி, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் எங்கும் இடிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்து, கழுத்துக்குக் கீழே மடித்த கம்பளி கொடுங்கள். போய்ச் சேர்ந்ததும் உடனே உறையைத் திறக்காதீர்கள். கீழே வெக்கை, நம் பேஸ் குளிரிலிருந்து வந்திருக்கும். அரை மணி நேரம் விட்டு ஸ்ருதி சேருங்கள். பாதிக் கச்சேரியில் இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டியிருக்கும்.