துடிப்புச் சிகிச்சையும் மறதிக்கான மூலிகையும்: ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுமையில் இதயத் துடிப்பு சீர்குலைவதும் நினைவு மங்குவதும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது அரிதன்று. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புச் சீர்குலைவு உள்ளவர்களிடம் டிமென்ஷியா என்ற மறதிநோய் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே துடிப்பைச் சீராக்கும் சிகிச்சை பற்றியும் மறதிக்கான மூலிகை பற்றியும் வரும் ஆய்வுச் செய்திகளை ஒரே குடும்பம் தேடிப் படிக்க நேர்கிறது. அப்போது ஏற்படும் பிழைகளில் பெரும்பாலானவை, ஆய்வில் எதை அளந்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்காமல் முடிவை மட்டும் எடுத்துக்கொள்வதால் வருபவை.

அளவீடு சீரானால் நோயாளியும் நலமானார் என்று கொள்வது அவற்றில் மிக ஆபத்தானது. மாரடைப்புக்குப் பின் இடையிடையே எழும் மிகைத் துடிப்புகள் திடீர் மரணத்தின் முன்னறிகுறி என்று அறிந்திருந்த மருத்துவர்கள், அவற்றை அடக்கும் என்கைனைடு, ஃபிளெகைனைடு ஆகிய மருந்துகளை 1980களில் நம்பிக்கையோடு கொடுத்துவந்தனர். ஈசிஜியில் மிகைத் துடிப்புகள் உண்மையிலேயே குறைந்தன. ஆனால் 'காஸ்ட்' என்ற பெரிய ஆய்வு உயிர்களை எண்ணிப் பார்த்தது. 1991இல் வெளியான அதன் முடிவின்படி, இந்த மருந்துகளைப் பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தனர். போலி மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர் மட்டுமே. இதய மருத்துவம் இவ்வளவு விலை கொடுத்துக் கற்ற பாடம் வேறு அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.

துடிப்புக்கான 'அறுவை சிகிச்சை' எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதுவதும் தவறு. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ் 1987இல் தொடங்கிவைத்த 'மேஸ்' முறை மார்பைத் திறந்து செய்யப்பட்ட அறுவை. இன்று பரவலாக நடக்கும் கதீட்டர் அப்லேஷனோ, தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சீர்குலைவைத் தூண்டும் பகுதிகளைச் சூட்டாலோ குளிராலோ செயலிழக்கச் செய்வது. ஒன்றின் வெற்றி விகிதத்தை மற்றொன்றுக்குப் பொருத்த முடியாது.

அப்லேஷன் ஆய்வுகளில் ஒப்பீட்டுக் குழுவைக் கவனிக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. 2,204 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2019இல் வெளியான 'கபானா' ஆய்வில், இறப்பு, முடக்கும் பக்கவாதம், கடும் ரத்தப்போக்கு, இதய நிறுத்தம் ஆகியவற்றைச் சேர்த்து எண்ணியபோது, அப்லேஷன் குழுவில் 8.0 சதவீதமும் மருந்துக் குழுவில் 9.2 சதவீதமும் பாதிக்கப்பட்டிருந்தனர். புள்ளியியல் நோக்கில் அது உறுதியான வேறுபாடு அன்று. மருந்துக் குழுவில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் இடையில் அப்லேஷனுக்கு மாறியிருந்தனர். யார் எந்தச் சிகிச்சையை உண்மையில் பெற்றார்கள் என்று மறுபடி பிரித்துக் கணக்கிட்டால் அப்லேஷன் மேலானதாகத் தோன்றும். ஆனால் அப்படிப் பிரிக்கும்போது, குலுக்கல் முறையில் குழு பிரித்ததால் கிடைத்த நடுநிலை போய்விடுகிறது. இதற்கு மாறாக, 2024இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு 126 பேரில் ஒரு பகுதியினருக்கு உண்மையான அப்லேஷனும் மற்றவர்களுக்குப் பாவனைச் சிகிச்சையும் செய்து ஒப்பிட்டது. ஆறு மாதத்தில் சீர்குலைவின் சுமை, அதாவது துடிப்பு சீர்குலைந்திருக்கும் நேரத்தின் பங்கு, முறையே சுமார் 60, 35 சதவீதம் குறைந்தது. சிகிச்சை பயன் தருகிறது என்பது இதில் தெளிவு. பாவனைக் குழு இல்லாதிருந்தால் முழுக் குறைவையும் சிகிச்சையின் கணக்கிலேயே வரவு வைத்திருப்போம் என்பதும் தெளிவு. துடிப்பு சீராகிவிட்டது என்று ரத்த உறைவுத் தடுப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவது பக்கவாதத்துக்கு வழிவிடும். அதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை முதலியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும்.

மூலிகை பற்றிய செய்திகளில், ஆய்வகத்துச் செல்களிலும் எலிகளிலும் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்கிறார்கள். வல்லாரையும் நீர்ப்பிரமியும் நம் வழக்கில் நினைவுக்குரியவை என்பதால், அவை பற்றிய எந்த நல்ல செய்தியையும் நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். உடல்நலமுள்ளவர் ஒரு நினைவுத் தேர்வில் சற்றுக் கூடுதல் மதிப்பெண் பெறுவதும், டிமென்ஷியா வராமல் தடுப்பதும் வெவ்வேறு. கிங்கோ என்ற மரத்தின் இலைச்சாறு இந்தச் சோதனைக்கு உள்ளானது. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் ஏறத்தாழ ஆறு ஆண்டு நடந்து 2008இல் வெளியான ஆய்வில், கிங்கோ பெற்றவர்களில் 277 பேருக்கும் போலி மாத்திரை பெற்றவர்களில் 246 பேருக்கும் டிமென்ஷியா வந்தது. தடுப்பு ஆற்றல் காணப்படவில்லை.

அப்லேஷன் செய்துகொண்டவர்களிடம் டிமென்ஷியா குறைவு என்று கூறும் ஆய்வுகளும் உண்டு. அவை பெரும்பாலும் மருத்துவப் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் பொதுவாக இளையவர்கள், உடல் தெம்புள்ளவர்கள் என்பதால், அந்தக் குறைவு முழுவதும் சிகிச்சையால் வந்தது என்று சொல்ல இயலாது.

மூலிகை தீங்கற்றது என்ற நம்பிக்கைதான் வீட்டில் நேரடியாகக் கேடு செய்வது. வார்ஃபரின் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர் கிங்கோவையும் சேர்த்து உண்டால் ரத்தப்போக்கு ஆபத்து கூடக்கூடும். எனவே உண்ணும் சூரணம், லேகியம் அனைத்தையும் இதய மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பனித்துளி மலர்ச் செடியிலிருந்து முதலில் பிரிக்கப்பட்ட கலன்டமின், முறையான சோதனைகளைக் கடந்து அல்சைமர் மருந்தாகவே ஏற்கப்பட்டது. அதுவும், அதே வகையைச் சேர்ந்த டோனெபெசிலும் இதயத் துடிப்பை மந்தமாக்கி மயக்கம் வரவழைக்கக்கூடியவை. மறதி மருந்து பெறும் முதியவர் தலைசுற்றி விழுந்தால், அதைத் தள்ளாமை என்று விட்டுவிடாமல் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் பற்றிய பேச்சு எழுந்தால், அதற்கு முன் அந்த மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ பார்க்கலாமா என்று கேளுங்கள்.