ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படம் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

படத்தைப் பார்த்ததும் பலரும் கேட்பது, "இது ஒரிஜினலா?" கேட்க வேண்டியது, "எப்போது அச்சிட்டது?" ஓவியர் இருந்தபோது அச்சிட்ட, படம் செதுக்கிய அதே மரக்கட்டைகளில் அவர் காலமான பின்பும் அச்சிடுவதுண்டு. இரண்டுமே போலி அல்ல. ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பிற்கால அச்சை அதற்குரிய விலைக்கு வாங்குவதில் ஒரு குறையும் இல்லை என்பதே என் கருத்து.

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷி யோஷிடாவை (1876–1950) எடுத்துக்கொள்வோம். இந்தியாவுக்கு வந்து தாஜ்மகாலையும் மதுரைக் கோயிலையும் அச்சுப் படங்களாக்கியவர். அவரே முன்னின்று அச்சிட்ட தாள்களின் இடது ஓரத்தில் 'ஜிசுரி' (தானே அச்சிட்டது) என்ற முத்திரை இருக்கும். பிற்கால அச்சுகளில் அது இருக்காது; பென்சில் கையெழுத்துபோலத் தெரிவதும் அச்சாகவே இருக்கும். தாளைச் சாய்த்துப் பாருங்கள், உண்மையான பென்சில் கோடு லேசாக மினுங்கும். அதற்காக முத்திரை இல்லாததையெல்லாம் ஒதுக்கிவிடாதீர்கள். 1920களின் தொடக்கத்தில் வதனாபே ஷோசபுரோ பதிப்பித்த யோஷிடா படங்களில் ஜிசுரி கிடையாது. 1923 டோக்கியோ நிலநடுக்கத் தீயில் வதனாபேயின் கட்டைகளும் இருப்பும் எரிந்துபோனதால் அவை இன்று அபூர்வம்.

நிறம் மாறியிருந்தால் போலி என்று முடிவு கட்டுவதும் தவறு. 1926இல் யோஷிடா ஒரே பாய்மரப் படகுக் காட்சியைக் காலை, மாலை, இரவு என்று நிறம் மாற்றி அச்சிட்டார்.

சட்டம் போட்ட படத்தைச் சட்டத்தோடு வாங்கவே கூடாது. கழற்றித் தாளின் பின்புறத்தைப் பாருங்கள். கையால் அச்சிட்டதென்றால் நிறம் தாளுக்குள் ஊறிப் பின்னால் தெரியும். பாரென் என்ற தேய்ப்பு வட்டை அழுத்திய சுழல் தடங்களும் பெரும்பாலும் இருக்கும். முன்பக்கத்தை லென்ஸில் பார்க்கும்போது புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு.

சட்டத்தில் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டிவிட்டால் முத்திரையும் கையெழுத்தும் போய்விடும், மதிப்பும் போய்விடும். சாதாரண அட்டையில் ஒட்டினாலோ அமிலம் ஏறித் தாள் பழுப்பாகும். அமிலமற்ற அட்டை கொஞ்சம் விலை கூடத்தான், ஆனால் அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம், மேல் ஓரத்தில் மட்டும் வாஷி என்ற ஜப்பானியக் காகிதக் கீலும் மாவுப் பசையும் போதும். அப்புறம், வெயில் விழும் சுவரில் மாட்டினால் நிறம் வெளுத்துவிடும். வெளுத்த நிறம் திரும்பாது.