கோலாலம்பூரில் பழைய வீடு வாங்குகிறீர்களா? விலை பேசுவது இப்படி

விளம்பரத்தில் போட்டிருப்பது வீட்டுக்காரர் ஆசைப்படும் விலை. அதிலிருந்து பேரத்தைத் தொடங்காதீர்கள். அதே கட்டடத்தில் கடைசியாகக் கைமாறிய விலையிலிருந்து தொடங்குங்கள்.

1. விற்ற விலையைத் தேடுங்கள். பிரிக்ஸ்.மை (brickz.my) இணையத்தளத்தில் கொண்டோவின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) பெயரைத் தட்டினால், முன்பு விற்ற வீடுகளின் விலையும் சதுர அடிக் கணக்கும் வரும்.

2. பேங்க் மதிப்பைக் கேளுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டின் அளவைச் சொன்னால், கடன் பிரிவு அதிகாரி வாய்மொழியாக ஒரு மதிப்பு சொல்வார். இரண்டு மூன்று பேங்கில் கேளுங்கள். செந்தூலில் ஒரு வீட்டுக்கு 480,000 ரிங்கிட் கேட்கிறார்கள், பேங்க் மதிப்பு 440,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்கு 90 விழுக்காடு கடன் என்றாலும், பேங்க் தன் மதிப்பை வைத்துத்தான் கணக்குப் போடும். 396,000தான் கிடைக்கும். 470,000க்கு ஒப்புக்கொண்டால் கையிலிருந்து 74,000 போக வேண்டும். 440,000க்கு முடித்தால் 44,000 போதும். அந்த 30,000 ரிங்கிட் ரொக்கமாகப் போகிற காசு!

3. விற்பவர் எப்போது வாங்கினார் என்று விசாரியுங்கள். மலேசியக் குடிமகன் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால், லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. ஆறாவது ஆண்டிலிருந்து வரி இல்லை. நீண்ட காலம் வைத்திருந்தவருக்கு விலையைக் குறைக்க இடமிருக்கும்.

4. வீட்டை நிதானமாகப் பாருங்கள். குளியலறைக் கூரையில் பழுப்பு வட்டம் இருக்கிறதா? ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் புதிதாகப் பளிச்சிடுகிறதா? மேல்வீட்டுத் தண்ணீர் கசிந்திருக்கலாம். படம் எடுத்து, பழுது பார்க்கும் கான்ட்ராக்டரிடம் செலவு கேட்டு வையுங்கள். பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

5. இப்போது வாயைத் திறவுங்கள். ஏஜெண்ட் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், அவருக்குக் கமிஷன் தருவது விற்பவர். உங்கள் உச்ச விலையை அவரிடம் சொல்லவே கூடாது.

"அண்ணே, இதே பிளாக்கில் போன விற்பனை 430,000. கசிவு வேலை வேறு இருக்கு. 415,000 தரலாம், கடனுக்கு முன்அனுமதி தயாரா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நாளாகலாம், பரவாயில்லை. மறுவிலை வந்தால் ஒரேயடியாக ஏறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள். பேங்க் மதிப்பைத் தாண்டாதீர்கள். விலை அசையவே இல்லையா? ஏர்கான், அலமாரிகளை விட்டுப்போகச் சொல்லுங்கள்.

6. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். விலை படிந்ததும் வாங்க முன்வரும் கடிதத்தில் (Letter of Offer) கையெழுத்திட்டு, வழக்கமாக 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கட்டுவீர்கள். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது அதை 10 விழுக்காடாக நிரப்ப வேண்டும். "கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்பும்" என்ற வரி அந்தக் கடிதத்தில் கட்டாயம் இருக்கட்டும். ஏஜெண்டின் அடையாள அட்டையில் உள்ள பதிவு எண்ணைச் சரிபாருங்கள். பணத்தை நிறுவனத்தின் கணக்கில் மட்டும் போடுங்கள், ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் வேண்டவே வேண்டாம்.