பழைய கார் சூடாகிறதா? ரேடியேட்டரைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில் சூடு ஏறினால் பழி முதலில் ரேடியேட்டர் மேல்தான் விழும். கழற்றி, பற்றவைத்து, சிலர் புதிதே வாங்கி மாட்டிய பிறகும் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் மேலேயே நிற்கும். வண்டி எப்போது சூடாகிறது, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது முள் ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கினால் விசிறியைப் பாருங்கள். ஓடும் வண்டிக்குக் காற்று தானாக வரும்; நிற்கும் வண்டிக்கு விசிறிதான் இழுத்துத் தர வேண்டும். மாருதி 800-இல் அது மின்விசிறி. ஃபியூஸ், ரிலே, மோட்டார், சூட்டை உணரும் சுவிட்ச், இவற்றில் எது போனாலும் நின்றுவிடும். வேலை பார்த்தபோது ஒயரை மாற்றிக் கொடுத்து, விசிறி எதிர்ப்பக்கம் சுற்றுவதும் உண்டு. அது சுற்றும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு காகிதத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ள வேண்டும். அம்பாசடரில் விசிறி பெல்ட்டில் ஓடுவதால் முதலில் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் வேகமாகப் போகும்போதோ, குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றத்திலோ சூடானால் கதை வேறு. தண்ணீர் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம், சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று தெர்மோஸ்டாட்டையே எடுத்து வீசுவார்கள். செய்யாதீர்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோலும் கூடும், தேய்மானமும் கூடும். சந்தேகம் இருந்தால் அதைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள். பெரும்பாலானவை 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். தண்ணீர் கொதித்த பிறகும் அசையவில்லை என்றால் புதிது மாட்டுங்கள்.

ஒழுகலை ஓடிவந்த சூட்டில் மட்டும் தேடினால் சிக்காது. துளித்துளியாக வருவது அங்கேயே ஆவியாகிவிடும். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைத்து, காலையில் பாருங்கள். ஏசி போட்டு ஓட்டி நிறுத்தியதும் சொட்டும் நிறமற்ற தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டாம். இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்டுக்கு நிறம் இருக்கும், தொட்டால் வழவழப்பாக இருக்கும். ஹோஸ் கிளிப்புகளின் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் கசிவு அங்கேதான். வாட்டர் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அதன் வழியே கறை இறங்கியிருந்தால் பம்பின் சீல் போய்விட்டது.

ரேடியேட்டர் மூடியை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம். 0.9 என்று அழுத்த அளவு போட்ட நல்ல மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கி, தண்ணீர் கொதிக்கும் நிலையை 120 டிகிரி வரை நெருங்கச் செய்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வெடித்தாலோ தண்ணீர் ரிசர்வ் டப்பாவுக்குத் தள்ளப்பட்டு வழியும். ரேடியேட்டரில் ஓட்டையே இருக்காது. வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தாலும் மூடியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

முள் உச்சியில் இருந்து திடீரென்று கீழே விழுந்தால் சூடு தணிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால் அப்படித்தான் காட்டும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். "கொஞ்சம் வெள்ளம் ஊத்தினா சரியாயிரும் அண்ணே" என்பவர் பேச்சைக் கேட்டுச் சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். காய்ந்த இன்ஜினில் பச்சைத் தண்ணீர் விட்டால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் விரிசல் விடலாம். தொட்டால் சுடாத அளவு ஆறும் வரை காத்திருங்கள்.

ஒழுகலை அடைக்க மஞ்சள்பொடி போடுவதும் வேண்டாம். ஓட்டையை அடைக்கும் அதே பொடி மெல்லிய குழாய்களையும் அடைக்கும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பேறிய கிணற்றுத் தண்ணீரைத் தினமும் ஊற்றினால் உலோகம் உள்ளேயே அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி போதும். கலந்தே விற்கும் கூலண்டில் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

வெளியே எங்கும் ஈரம் இல்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் நிற்காமல் வந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பிசின் தெரிந்தாலோ, வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போகாதீர்கள். மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.